பொதுத்துறை இல்லாமல் மருந்துத் தன்னிறைவு இல்லை

இந்தியாவின் மருந்துத் தன்னிறைவு சந்தை போட்ட பிச்சை அன்று. சட்டமும் அரசு ஆலைகளும் சேர்ந்து ஈட்டித் தந்தது. வெள்ளையர் ஆட்சியின் 1911 காப்புரிமைச் சட்டம் விடுதலைக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே கோலோச்சியது. ஏழை நாடான இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக உயர்ந்த விலைகளுள் ஒன்று என அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே அன்று பதிவு செய்தது. காப்புரிமைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. அவை மருந்தை இங்கே செய்யவும் இல்லை, பிறரைச் செய்ய விடவும் இல்லை. அந்த அநியாயத்தை 1959இல் அறிக்கையாக நாட்டின் முன் வைத்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார்.

அவர் வகுத்த வழியில் வந்த 1970 சட்டம், மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கே உண்டு என்றது. அதன் பலனை உலகம் 2001இல் கண்டது. எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் கேட்கப்பட்ட காலத்தில், 350 டாலருக்குத் தருகிறேன் என்றது மும்பையின் சிப்லா.

சட்டம் கதவைத் திறந்தது; தொழிலைக் கற்றுக் கொடுத்தவை பொதுத்துறை ஆலைகள். 1954இல் பிம்பிரியில் பென்சிலினுக்காக ஒரு நிறுவனம் எழுந்தது. 1961இல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து நிறுவனம் வந்தது; ரிஷிகேஷ், ஹைதராபாத் மட்டுமல்ல, சென்னை நந்தம்பாக்கத்திலும் அதற்கு ஆலை இருந்தது. பின்னாளில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்தவர். அந்தத் தாய் நிறுவனத்தைத்தான் நலிய விட்டு, 2016இல் மூடிவிட முடிவெடுத்தது ஒன்றிய அமைச்சரவை.

தடுப்பூசியின் கதை இதைவிடக் கொடியது, அவையோரே! கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம்: நாட்டின் குழந்தைகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகளில் பெரும்பகுதியைத் தந்தவை இவை மூன்றும். தர நெறிமுறைகளுக்கு ஏற்ப ஆலை இல்லை என்று சொல்லி 2008 ஜனவரியில் மூன்றின் உரிமமும் ஒருசேர நிறுத்தப்பட்டது. ஆலையைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? உரிமத்தை நிறுத்திய அதே அரசினுடையது! தனியாரிடம் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தது, தட்டுப்பாடும் வந்தது. 2010இல் உரிமம் திரும்பியபோது உற்பத்தி உடனே திரும்பிவிடவில்லை.

அவற்றுக்கு ஈடாக என்று சொல்லப்பட்டது செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம்: 100 ஏக்கர், 594 கோடி ரூபாய் திட்டம். 2021இல் நாடே தடுப்பூசிக்காக வரிசையில் நின்றபோது அங்கிருந்து ஒரு கொரோனா ஊசிகூட வரவில்லை. வளாகத்தைக் குத்தகைக்குத் தாருங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று தமிழ்நாடு அரசு கேட்க வேண்டியதாயிற்று.

தனியார் இருக்கையில் அரசுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்போர் உண்டு. அந்த 2021 ஏப்ரலே பதில் சொல்லும். ஒரே கோவிஷீல்டு ஊசி ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 400 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் மாநிலங்களின் விலை 300 ஆனது. அரசிடம் ஓடும் ஆலை ஒன்று இருந்திருந்தால், அடக்க விலை என்ன என்பதை அரசே அறிந்திருக்கும்.

மாத்திரையிலும் இதே கதைதான். உலகுக்கு மாத்திரை விற்கும் நாடு, தான் இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருளில் சுமார் 70 சதவீதத்தைச் சீனாவிடம் வாங்குகிறது. மலிவான சரக்கோடு போட்டியிட முடியாமல் உள்நாட்டுப் பென்சிலின் உற்பத்தி ஒரு காலத்தில் நின்றே போனது. 2020இல் மூலப்பொருள் உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது அரசு. காக்கிநாடாவில் மீண்டும் பென்சிலின் ஆலை எழுந்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஊக்கத்தொகை சில ஆண்டுகளில் முடியும். சீனா விலையைக் குறைத்தால் ஆலை மறுபடி மூடும்.

எனவே உறுதியான அரசுக் கொள்முதலே நிலையான வழி. தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்கு வாங்குவது அரசுதான். அந்தக் கொள்முதலில் ஒரு பங்கைக் கிண்டிக்கும் குன்னூருக்கும் கசௌலிக்கும் செங்கல்பட்டுக்கும் பல்லாண்டு ஒப்பந்தமாக ஒதுக்க வேண்டும். தர மேம்பாட்டுக்கான பணத்தை உரிமப் பிரச்சினை வரும் முன்பே ஆண்டுதோறும் தர வேண்டும். உள்நாட்டு மூலப்பொருளில் செய்த மருந்தை அரசு மருத்துவமனைகள் முதலில் வாங்க வேண்டும்.