விசயையின் மயிலும் ஐந்து ஏஞ்சல்களும்

ஜெனரல் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் அக்கா தங்கைகளே!

அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்த இரண்டு பேர், "குழந்தைகள் நிகழ்ச்சியா ஐயா?" என்று கேட்டார்கள். பொம்மை என்றாலே குழந்தைக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். அரிச்சந்திரன் மயானத்தில் நிற்கும்போது பொம்மலாட்டம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்தான், குழந்தைகள் அல்ல. நான் பேச வந்தது ஐந்து பொம்மைகளைப் பற்றி. ஐந்தும் பெண்கள். ஐந்து பேரும் போர் விமானிகள்.

1967 செப்டம்பரில் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒரு பொம்மைத் தொடர் வந்தது. பெயர் 'கேப்டன் ஸ்கார்லெட் அண்ட் த மிஸ்டரான்ஸ்'. மொத்தம் 32 பகுதிகள். உருவாக்கியவர்கள் கெர்ரி ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியா ஆண்டர்சனும். கதை நடக்கும் ஆண்டு 2068. செவ்வாய் கிரகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பகை பூமியின் மேல் போர் தொடுக்கிறது. பூமியைக் காக்க வானத்தில் 40,000 அடி உயரத்தில் ஒரு தளம் மிதக்கிறது. அங்கிருந்து சீறிப்பாயும் போர் விமானங்களை ஓட்டுகிறவர்கள் 'ஏஞ்சல்கள்' என்று அழைக்கப்படும் ஐந்து பெண்கள். டெஸ்டினி பிரெஞ்சுக்காரி, அவள்தான் குழுத் தலைவி. ராப்சோடி ஆங்கிலேயப் பெண். சிம்பொனி அமெரிக்கப் பெண். ஹார்மனி ஜப்பானியப் பெண். மெலடி அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அவளுக்குக் குரல் கொடுத்தவர் சில்வியா ஆண்டர்சனே.

ஆண்டைக் கவனியுங்கள். 1967. அன்றைக்கு அந்த நாட்டு விமானப்படையில் ஒரு பெண்ணும் போர் விமானம் ஓட்ட முடியாது. 1990களில்தான் அந்தக் கதவு திறந்தது. பெண்ணால் முடியும் என்று உலகத்துக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டு லிடியா லிட்வியாக் வானத்தில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். 1943 ஆகஸ்டில் பறந்து போய்த் திரும்பாதபோது அவருக்கு வயது 21. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரின் வயது. அப்படியிருந்தும் நிஜப் பெண்ணுக்கு மறுத்த இருக்கையைப் பொம்மைக்குக் கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கயிற்றில் தொங்கும் பொம்மைக்கு நடை வராது. தரையில் கால் பாவாது. காற்றில் மிதப்பதுபோல் துள்ளும். பார்க்கிறவன் சிரித்துவிடுவான். ஆண்டர்சன் கம்பெனி எத்தனையோ முயன்று, கடைசியில் நடையை முடிந்த மட்டும் விட்டுவிட்டது. எல்லாரையும் எதிலாவது உட்கார வை. காரில், கப்பலில், ராக்கெட்டில், நகரும் நாற்காலியில். ஏஞ்சல்கள் உட்கார்ந்த நாற்காலியோடு குழாய் வழியே மேலேறி நேரே விமானத்துக்குள் போய்விடுவார்கள். ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாம். பொம்மைக்கு நடக்க வரவில்லை, அதனால் பறந்தது. விஞ்ஞானக் கதை என்று நாம் வாய் பிளந்து பார்த்ததில் பாதி, பட்டறைக்காரனின் சங்கடத்திலிருந்து பிறந்தது!

பட்டறை என்று சும்மா சொல்லவில்லை. இந்தத் தொடரைப் படம் பிடித்த இடம் லண்டனுக்கு மேற்கே ஸ்லாவ் என்னும் ஊரின் தொழிற்பேட்டை. நம் சிப்காட் மாதிரி வரிசையாக ஷெட்டுகள். மார்ஸ் சாக்லேட் தொழிற்சாலையும் அதே பேட்டையில்தான். ஒரு ஷெட்டில் மார்ஸ் சாக்லேட், இன்னொரு ஷெட்டில் மார்ஸிலிருந்து படையெடுப்பு! அந்த ஷெட்டில் பொம்மைத் தலைகளைச் செதுக்கியவர்களிலும் கயிறு பிடித்தவர்களிலும் முதன்மையானவர்கள் இரண்டு பெண்கள். கிறிஸ்டின் கிளான்வில், மேரி டர்னர். படப்பிடிப்புத் தளத்துக்கு மேலே பாலம் போலக் கட்டிய மேடையில் மணிக்கணக்காக நின்று, மெல்லிய கம்பியில் பொம்மையை ஆட்ட வேண்டும். பொம்மையின் உதடு, பதிவு செய்த குரலுக்கேற்ப மின்சாரத்தில் தானாக அசையும். அந்தக் கருவியை முன்பு தலைக்குள் வைத்திருந்தார்கள், அதனால் பொம்மைகளுக்குப் பூசணித் தலை. கேப்டன் ஸ்கார்லெட்டில் அதை மார்புக்குள் இறக்கினார்கள். பிறகுதான் மனித அளவுக்குத் தலை சிறுத்தது.

விமானிப் பொம்மைகளுக்கு மட்டும் இன்னொரு சிக்கல். அவர்கள் தலைக்கு மேல் கண்ணாடி மூடி இருக்கிறது. கண்ணாடியைத் துளைத்துக் கம்பி போகாது. அதனால் கம்பியே இல்லாத பொம்மை செய்தார்கள். இருக்கைக்கு அடியில் ஆள் குனிந்து உட்கார்ந்துகொண்டு, கீழிருந்து தலையைத் திருப்புவார். திரையில் பார்க்கும் நமக்கு அந்தப் பெண் முழுச் சுதந்திரமானவள். மேலே ஒரு கயிறுகூட இல்லை. கீழே இருக்கும் கை நம் கண்ணில் படவே படாது.

இதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால், வெள்ளைக்காரன் என்னென்ன யோசித்திருக்கிறான் என்று வியப்பார்கள். தமிழ் வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே குறுக்கிட வேண்டும். பெண் விமானி நமக்குப் புதியவள் அல்ல. சீவக சிந்தாமணியின் முதல் இலம்பகத்திலேயே அவள் பறந்துவிட்டாள்.

ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன். அரசி விசயைமேல் மயங்கிக் கிடந்து ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டான். விசயை கெட்ட கனவு கண்டாள். ஆபத்து வருவது தெரிந்ததும் அரசன் ஒரு கம்மியனை அழைத்து, வானில் பறக்கும் மயிற்பொறி செய்யச் சொன்னான். எதைக்கொண்டு செய்தான் என்று காவியத்தை எழுதிய திருத்தக்கதேவர் பட்டியலே தருகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. எத்தனை நாளில்? ஏழே நாள். டார்கெட் என்ற சொல் கேட்டாலே முகம் சுளிக்கும் தோழிகளே, அந்தக் கம்மியன் நம் ஆள். அடுத்ததாக விசயைக்குப் பயிற்சி. திருகை வலப்பக்கம் திருப்பினால் மயில் மேகத்தைக் கிழித்து ஏறும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். அவள் ஓட்டப் பழகினாள். கட்டியங்காரன் கோட்டையைச் சூழ்ந்த நாளில், நிறைமாதக் கர்ப்பிணியான அவளை அரசன் அந்த மயிலில் ஏற்றி அனுப்பினான்.

பழந்தமிழன் விமானம் செய்தான் என்று சொல்ல வரவில்லை, தயவுசெய்து கை தட்டாதீர்கள். அது கவியின் கற்பனை. ஆனால் தேவருக்குப் பட்டறை தெரிந்திருக்கிறது. துணியும் பிசினும் என்கிறாரே, அதைக் கவனியுங்கள். இன்றைக்குப் பல இலகு விமானங்களின் உடலை இழைத்துணியையும் ரெசினையும் அடுக்கடுக்காக வைத்துத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்த விமானம் ஒன்று இங்கிருந்தே போயிருக்கிறது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்ஸா' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை, நம் ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளத்தோடு இருக்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனி தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பான பி-68 என்ற சிறு விமானத்தையும் அங்கேதான் கட்டினார்கள். தளி சாலையில் போகிற பாதிப்பேருக்கு இது தெரியாது. ஓசூர் என்றால் ரோஜா, வாட்ச், மொபெட், லாரி. அதற்கு மேல் நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை.

திருத்தக்கதேவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. இத்தனை பயிற்சி கொடுத்த பெண்ணை அவர் உருப்படியாக ஓட்ட விடவில்லை. வானத்தில் போகும்போது பின்னால் கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்கிறது. கணவன் மாண்டான் என்று அவளுக்குப் புரிகிறது. மயங்கிச் சாய்கிறாள். மயில் அவளோடு சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். அந்த நிலையில் யார்தான் மயங்கமாட்டார்கள் என்று தேவர் பக்கம் வாதாடலாம், நானே ஒப்புக்கொள்வேன். என் கேள்வி வேறு. மயிலைச் செய்யச் சொன்னது அரசன். ஏறு என்று சொன்னது அரசன். எங்கே இறங்குவது என்று தீர்மானித்தது பகைவனின் முரசு. திருகு மட்டும் அவள் கையில். அதற்கு ஓராயிரம் ஆண்டு கழித்து வந்த ஏஞ்சல்களின் கதியும் அதுதான். எந்த நேரமும் ஒருத்தி விமானத்துக்குள் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஓர் அறையில் பத்திரிகை புரட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கர்னல் ஒயிட் என்ற ஆண் பொம்மை உத்தரவு போட்டதும் பாய்வார்கள். பெண்ணுக்கு இருக்கை கொடுக்கக் கதாசிரியர்கள் தயங்கியதே இல்லை. போகிற திசையைத் தீர்மானிக்கும் வேலையைத்தான் வேறு யாரிடமோ கொடுத்துவிடுகிறார்கள்.

நிஜப் பெண்கள் அந்த வேலையையும் கேட்டு வாங்கினார்கள். நமக்குப் பக்கத்திலிருந்தே ஒரு கதை. பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேறியவர் உஷா சுந்தரம். அவர் கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானி. 1951இல் மதராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு இருவரும் ஓட்டி வந்தார்கள். 27 மணி நேரம். அந்த வகை விமானத்துக்கு அது சாதனை. பிற்பாடு சென்னையில் புளூ கிராஸ் தொடங்கியதும் இதே குடும்பம்தான். அந்த அம்மா பறந்தபோது ஏஞ்சல் பொம்மைகளைச் செதுக்கக்கூடத் தொடங்கவில்லை.

போர் விமானத்துக்கு மட்டும் இன்னும் வெகுகாலம் ஆனது. 2016 ஜூன் 18 அன்று ஹைதராபாத் அருகே துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் இந்திய விமானப்படையின் போர் விமானிப் பிரிவில் அதிகாரிகளாயினர். அதற்கு முன் ஒரு பெண்ணும் இல்லை. பொம்மைகளுக்குப் பின்னால் 49 ஆண்டுகள். பிறகு கர்நாடகத்தின் பீதரில் ஹாக் ஜெட்டில் பயிற்சி. 2018 பிப்ரவரியில் ஜாம்நகரில் அவனி மிக்-21 பைசனைத் தனியாக எடுத்துப் பறந்தார். மிக்-21 ஓட்டுவது விளையாட்டல்ல. தரையிறங்கும் வேகத்தைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும் விமானம் அது. 2019இல் பாவனா பகல்நேரப் போர்ப் பணிக்குத் தகுதி பெற்றார். 2024இல் மோகனா தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். தேஜஸ் எங்கே கட்டப்படுகிறது? அத்திப்பள்ளி தாண்டிப் போனால் பெங்களூரு, ஹெச்.ஏ.எல். ஆலை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். விமானத்தில் உட்காரும் பெண்ணைக் காவியம் எழுதிவிட்டது, தொலைக்காட்சி காட்டிவிட்டது, செய்தித்தாள் படம் போட்டுவிட்டது. இருக்கைக்கு அடியில் குனிந்திருக்கும் கையை யார் எழுதினார்கள்? சிந்தாமணியில் அந்தக் கம்மியனுக்குப் பெயர் கிடையாது. இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் போன் உறை செய்யும் ஆலைக்கு அதிகாலையில் எத்தனை பஸ் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரி, திருவண்ணாமலை, ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஒரே விடுதி அறையில் படுத்து எழுந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசி, ஒரே லைனில் நிற்கிறார்கள். மைக்ரான் கணக்கில் பிசகாத விரல்கள். லைனை எப்போது நிறுத்துவது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்று சொல்பவர் மட்டும் பல இடங்களில் இன்னும் கர்னல் ஒயிட்தான்! சிரிக்கிறீர்கள். உங்கள் சூப்பர்வைசர் யாரும் கூட்டத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

இதற்கு என்ன செய்யலாம் என்று இலக்கியக் கூட்டத்தில் கேட்டால் இலக்கியக்காரன் பதில்தான் வரும். நாடகம் போடுவோம். பொம்மலாட்டமாகவே போடுவோம். கும்பகோணம், மயிலாடுதுறை, சேலம் பக்கம் இன்னும் குழுக்கள் இருக்கின்றன. நம் பொம்மை ஸ்லாவ் பொம்மை மாதிரி இளைத்ததல்ல. சில பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை. கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி அந்த வளையத்தை ஆட்டுபவர் தலையில் மாட்டிக்கொள்வார். கைகளைக் கம்பியால் அசைப்பார். அவர் தலை அசைந்தால் பொம்மை அசையும், அவர் கால் ஜதி போட்டால் பொம்மை ஆடும். ஆண்டர்சனால் நடக்க வைக்க முடியாத பொம்மையை நம் ஆள் பரதமே ஆட வைப்பார்.

கதை விசயையின் கதை. ஆனால் மயிலைச் செய்யும் அந்த ஏழு நாள்தான் நாடகத்தின் பெரும்பகுதி. கம்மியர் பட்டறையில் பெண்கள் வேலை செய்யட்டும். துணியை அளப்பவள் ஒருத்தி, பிசின் காய்ச்சுபவள் ஒருத்தி, திருகு சரியாகச் சுழல்கிறதா என்று பார்த்து, 'இது ஓடாது, திருப்பி எடு' என்று அரசனிடமே சொல்பவள் ஒருத்தி. அவர்களுக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை. விசயை எங்கே இறங்குவது என்பதையும் நீங்களே எழுதுங்கள். சுடுகாட்டில்தான் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருக்கிறது. 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த ஓசூர் விமான நிலையம் 2,000 ஏக்கரில் வரும் என்கிறார்கள். யார் நிலம் போகிறது என்ற கேள்விக்குப் பதில் வந்த பிறகு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வசனம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் கலந்து வரட்டும், கன்னடத்துக்கு நம் அண்டை வீட்டு பொம்பேயாட்டக்காரர்களைக் கேட்போம். எழுத வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை என்று வைக்காதீர்கள் தலைவர் அவர்களே, பாதிப்பேருக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை. ஷிப்ட் அட்டவணையைக் கையில் வாங்கிக்கொண்டு தேதி குறியுங்கள்.