வராதவர் கணக்கு

(லிங்கராஜபுரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேவைக் கிளப்புகள் வாராவாரம் என்ன செய்கின்றன என்பது பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் எந்தக் கிளப்பிலும் உறுப்பினன் அல்லன். பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி, ஒரு ரோட்டரி கிளப்பில் இருந்தார். அவருக்கு வரும் வாராந்திரச் செய்தி மடலைப் பல வருஷம் ஓசியில் படித்த தகுதி எனக்கு உண்டு.

ரோட்டரி பிறந்தது சிகாகோவில், 1905 பிப்ரவரி 23 அன்று. பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் மூன்று நண்பர்களும் கூடினார்கள். ஒவ்வொருவர் ஆபீஸிலும் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால் அந்தப் பெயர். பெங்களூருக்கு 1934-இல் வந்தது.

மடலின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் பொன்னாடைப் படம் இருக்கும். (நம் பத்திரிகையும் இதில் சளைத்ததல்ல, ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.) விஷயம் கடைசிப் பக்கத்தில்தான். இரவல் போன சக்கர நாற்காலி யார் வீட்டில் இருக்கிறது, அடுத்த ஞாயிறு போலியோ பூத்துக்கு யார் யார், சென்ற வாரக் கூட்டத்துக்கு எத்தனை சதவீதம் வருகை. வராதவர்கள் வேறு ஊர்க் கிளப் கூட்டத்துக்காவது போய் ஈடு செய்ய வேண்டுமாம். "பள்ளிக்கூடப் பிள்ளைகளா நீங்கள்?" என்று கேலி செய்திருக்கிறேன்.

2008-இல், நான் இன்னும் உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு போலியோ ஞாயிறன்று என்னையும் பூத்துக்கு இழுத்துப் போனார். மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்து கொடுக்கக் கூடாது. ரசாயனம் படித்தவனுக்கு இதைப் பார்த்ததே சந்தோஷம். குழந்தைக்கு இரண்டு சொட்டு, இடது சுண்டு விரலில் மை.

மறுநாள் லீவு போட்டு வீடு வீடாகப் போகும் குழுவோடும் போனேன். எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாகிவிட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் "பி". விட்டுப்போன வீட்டில் "எக்ஸ்". ரயில் பாதைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்களின் கூடாரங்கள் இருந்தன. கதவே கிடையாது, செங்கல்லில்தான் குறி போட்டோம். அங்கே ஒரு எக்ஸ். ராய்ச்சூர்ப் பக்கத்துக் குடும்பம். தாய் விடியற்காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். "ஒரு குழந்தைதானே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆறரை மணிக்கு நர்ஸம்மாவோடு போய் நின்றிருக்கிறார். மாலையில் வந்து சொன்னார்: "சார், போட்ட குழந்தை கணக்கு ஆபீஸுக்கு. போடாத குழந்தை கணக்குதான் நமக்கு."

1985-இல் ரோட்டரி இந்தக் காரியத்தில் இறங்கியது. 1988-இல் உலகில் 125 நாடுகளில் போலியோ இருந்தது. நம் நாட்டில் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரி 13, ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியாவுக்கே சான்றிதழ் கிடைத்தது. கிளப்புகள் மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் நடந்த நர்ஸுகளுக்கும் அங்கன்வாடிப் பெண்களுக்கும்தான் பெரிய பங்கு.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர் மாமி ஒருவர், தனியாக இருந்தவர், இரண்டு வருஷம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தார். வியாழக்கிழமை காலை, எடுக்காத பால் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பால்காரப் பையன்தான் கூச்சல் போட்டான். பகவான் கிருபையால் பிழைத்தார். இப்போது பிள்ளையோடு புனேயில் இருக்கிறார். அதற்கு முந்தைய கூட்டத்துக்கே அவர் வரவில்லை. வெயில் ஜாஸ்தி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். நானும்தான். அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வீடு.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடினால் யார் வரவில்லை என்பதே தெரியாது. ரோட்டரியே 2016-இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று விட்டுவிட்டதே என்பீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சரி. நம்மில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள்.

ஆகவே சனிக்கிழமை நாலு மணிக்கு, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டில் கூடலாம். காபி மட்டும், பேச்சு, பொன்னாடை கிடையாது. பெயர் வாசிக்க வேண்டும். வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் நேரில் போக வேண்டும். ஃபோன் பண்ணினால் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் சொல்வார்கள். வெளியூர் உறுப்பினர்கள் தங்கள் பேட்டையில் செய்து பார்த்தால் எழுதுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். பெயர், வீட்டு எண், மாற்றுச் சாவி யாரிடம் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறது. முதல் கூட்டம் வருகிற சனிக்கிழமை என் வீட்டில். பின் வரிசையிலிருந்து ஆரம்பிக்கட்டும். முன் வரிசைக்காரர்கள் கையில் காபி டம்ளர் இருக்கிறது.