சாடைக்கு ஒரு சட்டச் சொல்



அவதூறு வழக்குகளில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு சொல் உண்டு: இன்னுவெண்டோ. இத்தனை வருட வக்கீல் தொழிலில் அதை நான் பிராதில் எழுதியது இரண்டே முறை.

இலத்தீன் சொல். தலையசைத்துக் குறிப்புக் காட்டுவது என்று பொருள். இங்கிலாந்தில் வழக்குரைகளை இலத்தீனில் எழுதிய காலத்தில், 'அவன் திருடன் என்றான்' என்ற வரிக்கு நடுவே இந்தச் சொல்லைச் செருகி, 'அவன்' என்றது வாதியைத்தான் என்று விளக்குவார்கள். பிறைக்குறிக்குள் போட்ட ஒரு தலையசைப்பு, அவ்வளவே.

தமிழில் 'உட்பொருள்', 'மறைகுறிப்பு' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் பாட்டியிடம் சரியான சொல் இருந்தது: சாடை. அடுப்படியில் மருமகள் நிற்கும்போது பாட்டி பூனையைத் திட்டுவாள். "பால் குடிக்கத் தெரியுது, பாத்திரம் தேய்க்கத் தெரியலையே." திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு அது பூனைக்கான திட்டு. அம்மாவுக்கு மட்டும் முகம் சிவக்கும்.

அந்த விருந்தாளிக்கும் அம்மாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சட்டத்தில் முழு விஷயமும். சாதாரண வாசகர் யாரும் வரிகளுக்கிடையே படித்துத் தெரிந்துகொள்ளும் பொருள் ஒரு வகை. வெளியே உள்ள ஒரு சங்கதியை முன்பே அறிந்தவருக்கு மட்டும் விளங்குவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அசல் இன்னுவெண்டோ. அந்தச் சங்கதி என்ன, அதை அறிந்தவர் யார் என்று வாதி பிராதிலேயே சொல்லி, பிறகு நிரூபிக்கவும் வேண்டும்.

1929இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கேசிடி வழக்கைப் பாருங்கள். 'டெய்லி மிரர்' பத்திரிகையில் ஒரு படம்: ஓர் ஆணும் பெண்ணும், இவர்களுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று கீழே ஒரு குறிப்பு. அப்படிச் சொல்லிப் படம் எடுக்க இசைந்தவர் அந்த ஆண்தான். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். படத்தில் அவர் இல்லை, குறிப்பில் பெயரும் இல்லை. ஆனால் கணவர் வந்துபோவதைக் கண்டிருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? கல்யாணமே ஆகாமல் மனைவி என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்றுதானே! மனைவி வழக்குப் போட்டு 500 பவுண்டு பெற்றார். பத்திரிகைக்கு உண்மை தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை. என் பாட்டிக்காவது தான் சாடை பேசுவது தெரியும். அந்தப் பத்திரிகை தெரியாமலே தலையை ஆட்டிவிட்டது. நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். எனக்கும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

நம் குற்றவியல் சட்டம் அவ்வளவு தூரம் போகாது. பெயரைக் கெடுக்கும் எண்ணமோ, கெடும் என்ற அறிவோ, அப்படி நம்பக் காரணமோ இருக்க வேண்டும். ஆனால் சாடையை அது நன்றாகவே அறியும். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் ஒரு கடிகாரத் திருட்டை உதாரணம் காட்டியது. 'நல்லவர், கடிகாரத்தைத் திருடவே இல்லை' என்று, திருடியதாக நம்பவைக்கும் எண்ணத்தோடு ஒருவரைப் புகழ்வதும் அவதூறே. வஞ்சப்புகழ்ச்சியை அணி இலக்கணத்தில் படித்த நமக்கு இது புதிதல்ல. திருடியது யார் என்று கேட்டால் வாய் திறக்காமல் ஒருவரைக் கைகாட்டுவதும் அப்படியே. இன்று இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு.

என் இரண்டாவது வழக்கும் புகழ்ச்சியில் வந்ததுதான். ஊர்த் திருவிழா நோட்டீஸில் என் கட்சிக்காரரை 'உண்டியல் பணத்தைத் தொடாத உத்தமர்' என்று அச்சிட்டிருந்தார்கள். உண்டியல் கணக்கில் இடித்த கதை தெரிந்த ஒரு சாட்சி எனக்கு வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வருவதாக ஒப்புக்கொண்டார். கூண்டில் ஏறி நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தார். என்ன புரிந்தது என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன்னு போட்டிருக்கு. அதுல என்னங்கய்யா தப்பு?" என்றார்.