மார்ஃபின் மாத்திரை விலை கம்மி, அதை வாங்கப் போற பயணம்தான் காஸ்ட்லி

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவங்க அப்பாவுக்குப் புற்றுநோய். "அண்ணே, வலி மருந்துக்கே பாதி சம்பளம் போயிடுது. குறைக்க ஏதாச்சும் வழி இருக்கா?" அதுதான் கேள்வி. இன்னைக்கு எபிசோடு முழுக்க அதுதான். முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, கோட் எழுதறவன். எந்த மருந்து, எவ்வளவு டோஸ்னு சொல்ல மாட்டேன். பணம் எந்த இடத்துல ஒழுகுதுன்னு மட்டும் பார்ப்போம்.

முதல்ல மருந்து விலை. கடுமையான வலிக்குத் தர்ற ஓபியாய்டு மருந்துகள்ல நாம அதிகம் கேள்விப்படறது மூணு: டிரமடால், மார்ஃபின், ஃபென்டனில். இதுல மார்ஃபின் 200 வருஷப் பழைய மருந்து. யார்கிட்டயும் காப்புரிமை கிடையாது. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஒண்ணு சில ரூபாய்தான். ஆனா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியிருக்கும். ஃபென்டனில் பட்டைன்னா தோல்ல ஒட்டிட்டு 3 நாளைக்கு விட்டுடலாம். வசதிதான். ஆனா ஒரு பட்டையே நூற்றுக்கணக்குல விலை, மாசத்துக்கு 10 பட்டை. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. விழுங்க முடியாதவங்களுக்குப் பட்டை தேவைப்படும், அதுல சமரசம் வேண்டாம். விழுங்க முடியுதுன்னா, "சாதாரண மார்ஃபின் மாத்திரை இவருக்குச் சரிவருமா டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. மாச பில்லையே மாத்தக்கூடிய கேள்வி அது.

அப்போ அடுத்த கேள்வி வரும். இவ்வளவு மலிவான மாத்திரை ஏன் நம்ம தெரு மெடிக்கல்ல இல்ல?

இதுக்கு 1985-க்குப் போகணும். அந்த வருஷம்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்கணும்னா பல துறைகள்ல நாலஞ்சு லைசென்ஸ், எல்லாம் ஒரே நேரத்துல காலாவதி ஆகாம இருக்கணும். பெரும்பாலான மருத்துவமனைகள் "எதுக்கு வம்பு"ன்னு விட்டுட்டாங்க. அடுத்த 12 வருஷத்துல நாட்டுல மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசு அனுமதியோட கசகசாச் செடி வளர்த்து, ஓபியத்தை ஏற்றுமதி பண்ற நாடு நாம. 2017-ல லான்செட் ஆணையம் போட்ட கணக்குப்படி, இந்தியாவுல வலியோட இருக்கறவங்களுக்குத் தேவைப்படற மார்ஃபின்ல 4 சதவீதம்தான் போய்ச் சேருது.

2014-ல சட்டத்தைத் திருத்தினாங்க. மார்ஃபின், ஃபென்டனில் உட்பட 6 மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள்னு பிரிச்சாங்க. இப்போ பயிற்சி பெற்ற ஒரு டாக்டர் இருந்தா, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட ஒரே அங்கீகாரம் வாங்கினா போதும். அந்த மருத்துவமனை மார்ஃபின் வெச்சுக் கொடுக்கலாம். சட்டம் லேசாயிடுச்சு, ஆனா நிறைய இடத்துல பயம் இன்னும் போகல.

நம்ம கடற்கரையில அந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மண்டபம் பக்கம் இலங்கைக்குக் கடத்த வெச்சிருந்த மாத்திரைகள் பிடிபட்டதுன்னு அப்பப்போ செய்தி வரும். கடைக்காரர் தயங்கறார். 2018-ல டிரமடாலும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. கடைசியில அந்தச் சுமை வந்து விழறது நோயாளி வீட்டு மேலதான். ராமேஸ்வரத்துல இருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கூடப் போறவர் ஒரு நாள் கடலுக்குப் போக முடியாது. சில ரூபாய் மாத்திரைக்கு ஒரு நாள் கூலி, ரெண்டு பேர் டிக்கெட், சாப்பாடு. பணம் ஒழுகற இடம் இதுதான் மக்களே.

சரி, எப்படிக் குறைக்கிறது?

ஒண்ணு, பக்கத்துல கேளுங்க. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில போய், "பாலியேட்டிவ் கேர் எங்க பார்க்கறாங்க, மார்ஃபின் இங்க கிடைக்குமா?"ன்னு நேரா கேளுங்க. அரசு மருத்துவமனையில இருக்கற மருந்து இலவசம். போறதுக்கு முன்னாடி 104-க்கு போன் பண்ணி விசாரிச்சா அலைச்சல் மிச்சம்.

ரெண்டு, வீட்டுக்கே வரச் சொல்லுங்க. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுல வந்து பார்க்க செவிலியர் உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிவு பண்ணுங்க.

மூணு, வலி ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒரு வாரத்துக்குப் பதிலா ரெண்டு வாரம், நாலு வாரத்துக்குச் சேர்த்துத் தர முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க. பயணம் பாதியாகும்.

நாலு, ரயில் சலுகை. இது பல பேருக்குத் தெரியாது. சிகிச்சைக்குப் போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூணாம் ஏசியில டிக்கெட் இலவசம், கூட வர்றவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்புல ரெண்டு பேருக்குமே 75 சதவீதம். மருத்துவமனையில அதுக்குன்னு இருக்கற படிவத்துல சான்றிதழ் வாங்கிக்கோங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவுக்கு மறுபடி ரயில் வருது, பயன்படுத்திக்கோங்க.

அஞ்சு, துணை மருந்துகள். மார்ஃபின் போட்டா மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து எழுதுவாங்க. இந்த மாதிரி மருந்துகளை முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ ஜெனரிக்கா கேளுங்க. அட்டையில மருந்தோட பேரைப் படிங்க. டிரமடால் அட்டையில பல நேரம் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். தனியா இன்னொரு பாராசிட்டமால் போட்டா காசும் வீண், கல்லீரலுக்கும் கேடு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இருக்கு. மாத்திரையை நீங்களே பாதியாக்கறது, திடீர்னு நிறுத்தறது, பக்கத்து வீட்டுல மிஞ்சினதை வாங்கிப் போடறது, சீட்டு இல்லாம வாங்கறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அளவு மீறினா மூச்சே நின்னுடும். பிள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வைங்க. பயணத்துல மருந்துச் சீட்டை மாத்திரையோடயே வைங்க, செக்போஸ்ட்ல கேட்டா காட்டலாம். மிஞ்சினதைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்க.

"மார்ஃபினா? அப்போ கடைசிக் கட்டமா?"ன்னு சில வீடுகள்ல பயந்து மருந்தையே தள்ளிப் போடுவாங்க. மார்ஃபின் கொடுக்கறது வலிக்காக. அது குறைஞ்சா மனுஷன் தூங்குவார், சாப்பிடுவார், பேரப்பிள்ளைகிட்ட பேசுவார்.

தம்பி, நாளைக்கே 104-க்கு ஒரு போன் போடுங்க. என்ன சொன்னாங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல மத்தவங்களுக்கும் சொல்றேன். பார்ப்போம் மக்களே.