நூலைத் தெரிவுசெய்ய நயவுரை

அடுத்து எந்த நூலை வாசிப்பது என்ற கேள்விக்கு நூலக அலுமாரிகளில் மட்டுமன்றி நூலகத்தோடு இணைந்து நடைபெறும் கூட்டங்களிலும் விடை கிடைக்கும் என்பதற்கு, 1942இல் நிறுவப்பட்ட, வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் சிறந்த சான்றாகும். நூலகமும் கூட்டங்கள் நடைபெறும் சங்கரப்பிள்ளை மண்டபமும் சங்கத்திலேயே அமைந்திருப்பதால், மேடையில் பேசப்பட்ட நூலைப் பற்றி அங்கேயே விசாரிக்கலாம்.

இத்தகைய கூட்டங்களுள் ஒன்றான நூல் வெளியீட்டு விழாவில் மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, முதற்பிரதி வழங்கல் ஆகியவற்றோடு, நூலின் நிறைகுறைகளை ஆராயும் நயவுரையும், நூலாசிரியர் மறுமொழி கூறும் ஏற்புரையும் இடம்பெறுகின்றன. இவற்றுள் நூலைத் தெரிவுசெய்வோருக்குப் பயன்படுவது நயவுரையே. மாம்பழம் வாங்குபவர் தோலின் நிறத்தை மட்டும் நம்பாமல் காம்படியை முகர்ந்து பார்ப்பது போல, அட்டையைக் கடந்து உள்ளடக்கத்தை அறிய நயவுரை துணைசெய்கிறது. முதற்பிரதி வழங்கியதும் எழுந்து செல்வோர் இழப்பது அந்த நயவுரையைத்தான். இது உண்மையிலேயே பெரிய இழப்பு.

பாராட்டு மட்டும் நிறைந்த உரையைவிட, எந்த அத்தியாயம் வலுவானது, எது தளர்ந்தது என்று சுட்டும் நயவுரையே வாசகருக்கு வழிகாட்டும். அதைக் கேட்கும்போதே நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வது நல்லது. கொட்டாஞ்சேனைவாசிகளுக்கு வெள்ளவத்தை தொலைவாகத் தோன்றினால், 1925இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பொது நூலகத்தில் அந்தத் தாளைக் காட்டலாம்; நூல் அங்கு இல்லையெனில், அதே ஆசிரியரின் வேறு நூல் உண்டா என நூலகரிடம் கேட்கலாம்.