வாஸ்டேல் ஹெட் விடுதியும் வில் ரிட்சனும்

சான்றோர் நிறைந்த இந்த அவையில் ஒரு விடுதிக்காரரின் பெயர் எடுத்துரைக்கப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பிரியா மலைநாட்டில், சாலை முடிந்துபோகும் பள்ளத்தாக்கின் கோடியில் கிடக்கும் வாஸ்டேல் ஹெட் என்னும் சிற்றூருக்குப் புகழ் தேடித் தந்தவர் அரசரோ செல்வந்தரோ அல்லர். பண்ணைத் தொழிலோடு, வழிப்போக்கருக்கு உணவும் மதுவும் படுக்கையும் விலைக்கு அளித்துவந்த வில் ரிட்சன் (1808–1890) என்ற எளிய மனிதரே.

அவ்வூருக்கு மேலே இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான, 978 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெல் பைக்கும், கீழே அந்நாட்டின் மிக ஆழமான ஏரியான வாஸ்ட்வாட்டரும் அமைந்துள்ளன. நிலமோ கல் மண்டிய நிலம். வயலிலிருந்து பொறுக்கிய கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி எழுப்பிய சுவர்கள், கற்கள் பெருகப் பெருகத் தடித்து, பள்ளத்தாக்கு முழுவதும் வலைபோல் பின்னிக் கிடப்பதை இன்றும் காணலாம்.

இந்த மண்ணில்தான் ரிட்சன் தம் டர்னிப் கதையை விளைவித்தார். டர்னிப் என்பது ஆட்டுக்கும் ஆளுக்கும் உணவாகும் உருண்டைக் கிழங்கு. அது அங்கே மலையளவு பருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஊரார் அதைப் பாறைபோல் குடைந்தெடுப்பதாகவும், குடைந்த பொந்தில் ஆடுகள் மழைக்கு ஒதுங்குவதாகவும் அவர் முகம் மாறாமல் விருந்தினருக்குச் சொல்லிவந்தாராம். கல்லைப் பெயர்த்தே முதுகொடிந்த ஊரில் உணவைப் பெயர்த்தெடுக்கும் கற்பனை பிறந்தது தற்செயல் அன்று. வறிய நிலத்தின் ஏக்கமே அங்கே பெருமிதமாக உருமாறியது என்று கொள்வதே பொருந்தும்.

கற்றறிந்த நகரத்தார் மலையேற்றத்துக்காக அவ்வூரை நாடி வரலாயினர். 1886இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் அருகிலுள்ள நேப்ஸ் நீடில் என்னும் ஊசிப்பாறையில் தன்னந்தனியே ஏறியது, பிரிட்டனில் பாறையேற்றம் தனி விளையாட்டாக வேரூன்றியதன் அடையாளமாகக் கருதப்படுகிறது. அப்போது ரிட்சன் உயிருடன் இருந்தார்.

அவர் நினைவைப் போற்றி, சாண்டன் பிரிட்ஜ் என்னும் அண்டை ஊரின் விடுதியில் ஆண்டுதோறும் நவம்பரில் 'உலகின் மாபெரும் பொய்யர்' போட்டி நடைபெறுகிறது. 2003இல் தென்னாப்பிரிக்கர் ஒருவர் வென்றார். 2006இல் முதன்முறையாக ஒரு பெண் வாகை சூடினார். அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் அதில் கலந்துகொள்ள இயலாது; பொய் சொல்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பதே விதி கூறும் காரணம். பொய்யால் காசு பறிக்காமல் களைத்து வந்தவர்களை மகிழ்வித்த ஒருவரின் பெயரால் நடக்கும் போட்டிக்கு அவ்விதி மிகவும் பொருத்தமானதே.