ஏட்டிலிருந்து செவிக்கு: கே.பி. சுந்தராம்பாள்



வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நான் ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டவரோ பாடகி, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். கவிஞர் அவையில் பாடகிக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அதற்கு விடையாக என் குறை ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு ஔவையாரைப் பற்றியது. பதிப்புகளையும் உரைகளையும் ஒப்பிட்டு ஆண்டுகள் பல கழித்தேன். அந்நாட்களில், உப்பளத்தில் உழைத்து ஓய்ந்த என் ஆச்சி, திண்ணையில் அமர்ந்து ஔவையின் வாக்குகளை வரிசை பிறழாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு எழுத்து தெரியாது. எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கொட்டகையிலே அந்த அம்மா பாடினதுதான் தாயி" என்றார். என் ஆய்வேட்டில் அந்த அம்மாவுக்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. அக்கடனைத் தீர்க்கவே இன்று இங்கு நிற்கிறேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். தாயார் பாலாம்பாள். வறுமையின் மடியில் வளர்ந்த அச்சிறுமியைக் குரல்தான் நாடக மேடைக்கு அழைத்துச் சென்றது. அம்மேடைக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 'வள்ளி திருமண'மே சுந்தராம்பாளுக்கும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கும் பெரும்புகழ் தந்தது. அவ்விருவரும் சந்தித்தது 1926இல், நம் கடலுக்கு அப்பாலுள்ள கொழும்பில். இணைந்து பாடினர், மணந்துகொண்டனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்றுமுதல் வெள்ளைக் கதராடை. வேறு ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதி. அத்துடன் கலைவாழ்வு முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண்வேடத்தில், நடித்தார். ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது. காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்களை முழங்கினார். 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் அமர்ந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் அவரை வந்தடைந்தன. 1980இல் மறைந்தார்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நான் சொல்ல விரும்புவது வேறொன்று. 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் படத்தில் ஔவையார், 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். நம் இலக்கியப் பெண்டிர் நால்வர், ஒரே மிடற்றின் வழியாக எழுத்தறியா மக்களிடம் வந்து சேர்ந்தனர். எந்தப் பல்கலைக்கழகம் இதனைச் செய்தது?

எப்படிச் சேர்ந்தனர்? அவர் விருத்தம் பாடுவதை உற்றுக் கேளுங்கள். தாளக்கட்டு இல்லை, இராகம் விரிகிறது. ஆனால் சீர் எங்கே முடிகிறதோ அங்கேதான் மூச்சு நிற்கிறது. எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் ழகரம் ழகரமாகவே ஒலிக்கிறது, சொல் சிதைவதில்லை. ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய நாடகமேடை தந்த பயிற்சி அது. உரையாசிரியர் சொற்பிரித்து விளக்குவதை அவர் மூச்சைப் பிரித்து விளக்கினார்.

ஆய்வாளர் என்ற முறையில் அந்தப் படத்தோடு எனக்கு வழக்கும் உண்டு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்க ஔவையும், ஆத்திசூடி தந்த பிற்கால ஔவையும் ஒருவரல்லர் என்பது ஆய்வுலகின் முடிவு. படமோ அனைவரையும் ஒரே மூதாட்டியாக்கியது. மன்னனோடு தோழமை கொண்டு, கள்ளும் சோறும் பகிர்ந்த அந்தச் சங்கப் பாணர் மகளை, வெண்ணீறும் கோலும் தாங்கிய கிழவிக்குப் பின்னால் நம் மக்கள் இழந்துவிட்டனர். அம்மையாரின் குரல் அத்தனை வலியது. அது தந்ததும் பெரிது, மறைத்ததும் பெரிது. இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான ஆய்வு. நான் அன்று இரண்டையுமே எழுதவில்லை.

என் ஆச்சி இன்று இல்லை. அவர் சொன்ன வரிசையில் பாடவேறுபாடுகள் இருந்திருக்கலாம். அவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுதுகூட நான் ஒதுக்கவில்லை. ஏடு கிடைக்காத வருத்தத்தை நூலகத்தில் ஆற்றிக்கொள்ளலாம். இதனை எங்கே ஆற்றுவது?

கவிஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கவிதையை அச்சுக்கு அனுப்புமுன், எழுத்தறியாத ஒருவர் முன்னே வாய்விட்டுப் படியுங்கள். அவர் செவியில் அது தங்குமாயின், ஏட்டில் தங்காவிட்டாலும் கவலையில்லை.